எதிர் புளோக் உச்சியில இருக்கிற பெட்டியும் தலையணைக்கு அடியில இருக்கிற போனும்

[காட்சி: சிங்கப்பூர், ஈசூன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஜன்னல். எதிர் புளோக்கின் உச்சியில் வெள்ளை நிற ஆன்டெனாக்கள்.]

அந்த வெள்ளைப் பெட்டிகள் தெரியுதா? போன் சிக்னல் அனுப்புற ஆன்டெனாக்கள். அதைக் கவனிச்ச நாள்ல இருந்து எங்க அத்தை பேரனோட கட்டிலை ஜன்னல் பக்கம் போட விடமாட்டேங்கிறாங்க, அதுல இருந்து வர்ற அலை புற்றுநோயைக் கொண்டு வந்துடுமோன்னு பயம். "கண்ணுக்குத் தெரிஞ்சா ஒதுங்கிக்கலாம் மாப்ளே, தெரியாததை என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அவங்களுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

[காட்சி: சுவர் பிளக், கைப்பேசி, எக்ஸ்ரே படம்.]

நம்ம வீட்டு மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 துடிப்பு. 5ஜி போன் அலை விநாடிக்குச் சுமார் 350 கோடி துடிப்பு. கேட்கவே பயமா இருக்கும். ஆனா எக்ஸ்ரே மாதிரி அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்குற பலம் இது ரெண்டுக்கும் கிடையாது. தலைக்கு மேல எரியுற விளக்கு வெளிச்சத்தோட ஒரு துகள்ல இருக்கிற சக்தி, போன் அலைத் துகளை விட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல. போன் அலை அளவுக்கு மீறினா உடம்பைச் சூடாக்கும். உறுதியாத் தெரிஞ்ச விளைவு அதுதான். அதனாலதான் தலையில 10 கிராம் திசு சராசரியா எவ்வளவு வாங்கலாம்னு உச்சவரம்பு போட்டிருக்காங்க: கிலோவுக்கு 2 வாட்.

[காட்சி: தேக்கா ஈரச்சந்தை, ஞாயிறு காலை.]

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுல மீன் வாங்கியிருப்பீங்க. கடைக்காரர் பக்கத்துல நின்னா மெதுவா விலை கேட்கலாம், பத்துக் கடை தள்ளி நின்னா கத்தணும். போனும் அப்படித்தான். ஆன்டெனா கிட்ட இருந்தா சன்னமாப் பேசும். லிஃப்டுக்குள்ள, அடித்தளக் கார் நிறுத்துமிடத்துல சிக்னல் குறைஞ்சதும் தன் பலத்தைக் கூட்டிக்கும். அத்தை பயப்படுறாங்களேன்னு அந்தப் பெட்டியைக் கழற்றிட்டா, பேரன் கையில இருக்கிற போன்தான் இன்னும் உரக்கக் கத்தும். காதை ஒட்டி இருக்கிறது அதுதானே? உச்சியில இருக்கிறது அலையைப் பக்கவாட்டுலதான் வீசும், கீழே நேரா இல்ல. தூரம் ரெண்டு மடங்கானா பலம் நாலுல ஒரு பங்காயிடும்.

2011-ல உலகச் சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை "2பி" பட்டியல்ல சேர்த்துச்சு. வாட்ஸ்அப்ல சுத்துற பயமெல்லாம் பெரும்பாலும் இங்கிருந்து கிளம்பினதுதான். 2பி-ன்னா, புற்றுநோய்க்குக் காரணமா இருக்கலாம், ஆனா ஆதாரம் குறைவுன்னு அர்த்தம். கற்றாழை முழு இலைச் சாறும் அதே பட்டியல்லதான் இருக்கு. நம்ம ஊர் மத்தியான வெயில்ல வர்ற புறஊதாக் கதிர் முதல் பட்டியல்ல, அதாவது காரணம் உறுதின்னு சொல்ற இடத்துல. அதுக்கப்புறம் அதே நிறுவனம் கேட்டு 63 ஆய்வுகளை அலசிப் பார்த்து, 2024-ல முடிவு வெளியாச்சு. பத்து வருஷத்துக்கு மேல போன் பேசினவங்களுக்கும் மூளைப் புற்றுநோய் கூடினதாத் தெரியல.

[காட்சி: ஹேர் டிரையர், பக்கத்தில் அளவுகோல்.]

ஆனா ஒரு விஷயத்தை மூடி மறைக்க எனக்கு மனசு வரல. வீட்டு மின்சாரம் உண்டாக்குற காந்தப்புலம் பத்தின சந்தேகம் இன்னும் தீரல. 1979-ல அமெரிக்காவுல டென்வர் நகரத்துக் குழந்தைகளை வச்சுக் கிளம்பின கேள்வி அது. 2000-ல பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, வீட்டுச் சராசரி 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவை (காந்தப்புலத்தை அளக்குற அலகு) தாண்டின இடங்கள்ல குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய ரெண்டு மடங்காத் தெரிஞ்சுது. அந்த அளவு உள்ள வீடுகள் ரொம்பக் குறைவு. எப்படி வருதுன்னு வழியும் யாரும் காட்டல, விலங்குச் சோதனைகளும் ஆதரிக்கல. அதனால 2002-ல இதுவும் 2பி-க்குப் போச்சு. குழந்தை விஷயம்ங்கிறதால நான் இதை ஒதுக்கிட்டுப் போக மாட்டேன். சிங்கப்பூர்ல மின்கம்பிகள் பெரும்பாலும் மண்ணுக்கடியில போகுது. வீட்டுக்குள்ள தூரம்தான் கை கொடுக்கும்: ஹேர் டிரையரை 3 சென்டிமீட்டர்ல வச்சா, மாடலைப் பொறுத்து 6-லிருந்து 2,000 மைக்ரோடெஸ்லா வரைக்கும். ஒரு மீட்டர் தள்ளினா 0.03-க்குள்ள அடங்கிடும். அப்போ கட்டில் தலைமாட்டுல மின்சாரப் பொருள் எதையும் ஓடவிடாம இருந்தாலே போதும். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தா என்ன?

வைஃபை வச்சதுல இருந்து தலைவலின்னு சொல்றவங்க வலி நிஜம். அலை ஓடுதா இல்லையான்னு அவங்களுக்கும் சொல்லாம, சோதனை பண்றவங்களுக்கும் சொல்லாம நடத்தின சோதனைகள்ல அவங்களால அதைக் கண்டுபிடிக்க முடியல. அதனால ரவுட்டரைக் குறை சொல்லிட்டு இருந்துடாம பலதுறை மருந்தகத்துக்குப் போங்க. வேற காரணம் இருந்து அது தவறிடக் கூடாது.

[காட்சி: சட்டைப் பையில் கைப்பேசி.]

சந்தேகமே இல்லாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இதயத்துல பேஸ்மேக்கர் வச்சிருக்கவங்க போனை அதுல இருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கணும், எதிர்ப்பக்கக் காதுல பேசணும். சில புது போன்கள்ல பின்னாடி காந்த வளையம் இருக்கு. நெஞ்சோட ஒட்டினா பேஸ்மேக்கரோட வேலை முறையையே அது மாத்திடலாம். இண்டக்‌ஷன் அடுப்புன்னா 60 சென்டிமீட்டர் தள்ளி நிக்கணும்.

இதைச் சொல்லிட்டு இருக்கும்போதே அத்தை எழுந்து போனை எடுத்தாங்க. ஜூரோங்ல இருக்கிற அவங்க அண்ணனுக்கு மூணு வருஷமா பேஸ்மேக்கர்.

"அண்ணே, போன் எங்க வச்சிருக்கீங்க? சட்டைப் பையிலயா? முதல்ல எடுங்க, எடுத்து பேன்ட் பையில போடுங்க. நான் அப்புறமா விவரம் சொல்றேன்."