'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' போதைப் பாட்டா?

வணக்கம். போன வீடியோவுக்குக் கீழே கிதார் பழகும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' வாசிக்கக் கற்றுக்கொள்கிறேன். அது கஞ்சாப் புகையைப் பற்றிய பாட்டு என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?"

தம்பி, உங்கள் நண்பரை நான் குறை சொல்ல மாட்டேன். 'தண்ணீர் மேல் புகை' என்ற அந்தத் தலைப்பு போதைப் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று டீப் பர்ப்பிள் என்ற அந்த பிரிட்டிஷ் ராக் குழுவினரே முதலில் தயங்கினார்கள். ஆனால் பாட்டில் போதையும் இல்லை, கஞ்சாவும் இல்லை. ஒரு தீவிபத்தும், அதனால் நடுத்தெருவுக்கு வந்த ஐந்து பேர் பட்ட பாடும்தான் இருக்கின்றன. செய்தித்தாள் நிருபர் எழுதியது போல, நடந்ததை நடந்தபடியே பாடியிருக்கிறார்கள்.

1971 டிசம்பர். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மோந்த்ரே என்று ஓர் ஊர். அங்கிருந்த கேசினோ குளிர்காலத்துக்கு மூடப்படவிருந்தது. காலியாகக் கிடக்கும் அந்தக் கட்டடத்தில் புது ஆல்பத்தைப் பதிவு செய்யலாம் என்று டீப் பர்ப்பிள் வந்திறங்குகிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஸ்டூடியோவை, அதாவது ஒரு லாரிக்குள் அடக்கிய ரெக்கார்டிங் கருவிகளை, வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். கேசினோவில் ஒரே ஒரு கச்சேரிதான் பாக்கி. டிசம்பர் 4, அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும். டீப் பர்ப்பிள் ஆட்களும் பார்க்கப் போனார்கள்.

கச்சேரி நடுவில், கூட்டத்தில் இருந்த ஒருவன் ஃப்ளேர் கன்னை மேலே பார்த்துச் சுட்டான். கடலில் ஆபத்து என்றால் வானத்தில் வெளிச்சக் குண்டு விடுவார்களே, அந்தத் துப்பாக்கி. கூரையின் அடிப்பக்கம் பிரம்பு வேய்ந்தது. கேட்க வேண்டுமா? தீ பிடித்துக்கொண்டது. மோந்த்ரே ஜாஸ் விழாவை நடத்திய க்ளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடி ஆட்களை வெளியே கொண்டுவந்தார். பாட்டில் 'ஃபங்கி க்ளோட்' என்று வருவது அவர்தான். கட்டடம் முழுதும் போனது, ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஸாப்பாவின் வாத்தியங்கள் சாம்பல். அந்த மனிதருக்கு அது என்ன நேரமோ தெரியவில்லை, ஆறே நாளில் லண்டன் ரெயின்போ அரங்கில் ஒருவன் அவரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டான். மாதக்கணக்கில் சக்கர நாற்காலிதான்.

சரி, புகைக்கு வருவோம். டீப் பர்ப்பிள் ஆட்கள் ஹோட்டலில் இருந்தபடி பார்த்தார்கள். எரியும் கேசினோவின் புகை ஏரித் தண்ணீர் மேல் அப்படியே படர்ந்து போகிறது. சில நாள் கழித்து பேஸ் கிதார் வாசிக்கும் ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து திடுக்கென்று விழித்தபோது வாயில் வந்த சொற்கள்தான் அந்தத் தலைப்பு.

அதற்கு முன்பே மெட்டு பிறந்துவிட்டது, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கேசினோ போனதும் பெவிலியன் என்ற ஓர் அரங்கைப் பிடித்தார்கள். ராத்திரியில் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அந்த ரிஃப்பை, அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கை, எடுக்க, எல்லோரும் சேர்ந்து வாசிக்க, ஊரே எழுந்துவிட்டது. போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே பதிவு நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்! அது முடிந்த பிறகுதான் வெளியே துரத்தப்பட்டார்கள். நீங்கள் ஆல்பத்தில் கேட்கும் வாத்திய இசை அந்த ராத்திரி பதிவானதுதான்.

அப்புறம் போன இடம் கிராண்ட் ஹோட்டல். குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த காலி ஹோட்டல். எலும்பை உறைய வைக்கும் குளிர். நடைபாதையில் மெத்தைகளை முட்டுக் கொடுத்து ஸ்டூடியோ ஆக்கினார்கள். வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி வெளியே நிற்கும் லாரிக்குப் போக வேண்டும். அலுத்துப்போய், கேட்பதையே விட்டுவிட்டார்கள். கடைசியில் ஆல்பத்துக்குச் சில நிமிடம் குறைகிறது. பெவிலியனில் எடுத்தது வார்த்தை இல்லாமல் சும்மா கிடக்கிறதே என்று, பட்ட கதையையே அதில் பாட்டாக எழுதினார்கள்.

1972-இல் 'மெஷின் ஹெட்' என்ற அந்த ஆல்பம் வந்தபோது இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, முதலில் விட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறு பாட்டை. இது 1973-இல் சிங்கிளாக வந்து அமெரிக்கப் பாடல் தரவரிசையில் 4-ஆம் இடத்தைப் பிடித்தது.

இன்னொன்று தம்பி, நீங்கள் அனுப்பிய கிளிப்பையும் கேட்டேன். ஒரே தந்தியில் பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து வாசிக்கிறீர்கள். அது மெலிந்துதான் கேட்கும். மூன்றாவது, நான்காவது தந்திகளைச் சேர்த்து எடுங்கள்: முதலில் ஓப்பன் (விரல் அழுத்தாமல்), அப்புறம் 3-ஆம் ஃப்ரெட் (கிதார் கழுத்தில் உள்ள கட்டை), 5-ஆம் ஃப்ரெட். பிளாக்மோர் பிக் இல்லாமல் இரண்டு விரலால் இரண்டு தந்தியையும் ஒரே சமயம் கிள்ளுவார். பிக்கைக் கீழே வைத்துவிட்டு வாசித்து, அடுத்த கிளிப்பை அனுப்புங்கள்.