பச்சைப் பட்டை மருந்து என்றால் பயமில்லையா?

களுதாவளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மூன்று மாதக் கர்ப்பிணி. கணவர் மிளகாய்த் தோட்டத்துக்குப் பூஞ்சை மருந்து அடிக்கிறார், மான்கோசெப். "பையில் பச்சைப் பட்டைதானே இருக்கிறது, பயப்படாதே என்கிறார். இது ஓமோனைக் குழப்பும் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?" என்பது கேள்வி.

உண்மைதான் தங்கச்சி. உங்கள் கணவரும் பொய் சொல்லவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற பட்டைகள், மருந்து உடம்புக்குள் போனால் எவ்வளவு கடுமையாக உடனே நஞ்சாகும் என்பதைத்தான் காட்டுகின்றன. சிறுகச் சிறுகப் பட்டால் ஓமோனுக்கு என்ன ஆகும் என்பதை நிறம் சொல்லாது.

மான்கோசெப் உடைந்து எத்திலீன் தயோயூரியா என்ற பொருளாகிறது. தோட்டத்திலும் உண்டாகும், உடம்புக்குள்ளும் உண்டாகும், மருந்து பட்ட காயைச் சமைக்கும்போதும் உண்டாகும். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அயடீனைக் கொண்டு ஓமோன் செய்வதற்கு ஒரு நொதியம் வேண்டும். அந்த நொதியத்தை இது மறிக்கிறது. விலங்குகளில் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 இல் மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டதற்கு, ஓமோனைக் குழப்பும் தன்மையும் ஒரு காரணம்.

முதல் மூன்று மாதமும் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தமாகத் தைரொயிட் ஓமோன் கிடையாது. தாயிடமிருந்து வாங்கித்தான் அதன் மூளை வளர்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வியை முதலில் எடுத்தேன். ஆனால் ஒரு நாள் தோட்டத்துப் பக்கம் போனதற்காகப் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழாதீர்கள். அடுத்த கிளினிக்கில் மருத்துவமாதிடம் இதைச் சொல்லுங்கள். தேவையென்றால் வைத்தியர் தைரொயிட் இரத்தப் பரிசோதனை எழுதுவார்.

நான் அதிகம் பயப்படுவது அந்தச் சேர்ட்டுக்குத்தான். மருந்து அடித்துவிட்டு வருபவரின் கைமடிப்பைப் பாருங்கள், மருந்தின் மஞ்சள் நிறத் தூள் காய்ந்து ஒட்டியிருக்கும். கச்சான் காற்று வீசும் நாளென்றால் முதுகிலும் இருக்கும். வீட்டில் அதை உதறித் தோய்ப்பவர் யார்? நீங்கள்தானே! இனி அவரே தோய்க்கட்டும், உங்கள் உடுப்போடு சேர்க்காமல் தனியாக. கிணற்றடியிலேயே சாரத்தையும் சேர்ட்டையும் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு உள்ளே வரட்டும். தூளை வெறுங்கையால் கலக்க வேண்டாம், கையுறை போடச் சொல்லுங்கள். கலக்கிய வாளி சமையல் பக்கம் வரவே கூடாது. கறிக்குக் காய் பறிப்பதென்றால், பையில் எழுதியிருக்கும் நாட்கள் கழிந்த பிறகே பறியுங்கள்.

கணவரைப் பக்கத்தில் இருத்தி இந்தப் பதிலைக் கேட்கச் சொல்லுங்கள் தங்கச்சி. அவருடைய கழுத்திலும் அதே சுரப்பிதான் இருக்கிறது.