கோதாரி எண்டா என்ன? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த முறை வந்த கேள்விகளில முதல்ல இதைத்தான் எடுக்கிறன். களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா: "அம்மம்மாவுக்குக் கோவம் வந்தா 'கோதாரி விழுவான்' எண்டு ஏசுவா. கோதாரி எண்டுறது உண்மையில ஒரு வருத்தமா?" வாசிச்ச நேரத்தில இருந்து மனசுக்குள்ளேயே கிடக்குது இந்தக் கேள்வி.

ஓம் தங்கச்சி, வருத்தம்தான். கோதாரி எண்டா வாந்திபேதி, கொலரா. "கொள்ளையில போவான்" எண்டுறதும் அந்த வகை ஏச்சுத்தான். அதில வாற கொள்ளை கள்ளன் அடிக்கிற கொள்ளை இல்ல, கொள்ளைநோய். 1934, 35இல மலேரியா வந்து இலங்கையில 80,000 பேரளவில செத்தாங்க. ஆனா "மலேரியாவில போவான்" எண்டு யாரும் ஏசுறல்ல. கோதாரியில ஒரு வேகம் இருக்கு. விடிய நல்லா எழும்பி வயலுக்குப் போன மனிசன் பொழுதுபட முதல் செத்துப் போவான். அந்தப் பயம்தான் நாக்கில ஏச்சா நிண்டுட்டு எண்டு நான் நினைக்கிறன்.

பெரியம்மையைப் பத்தி, அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக் காணொளியில விளக்கமாச் சொல்லியிருக்கன், திரும்பச் சொல்லல்ல. அதைத் தடுப்பூசியால உலகத்தை விட்டே துரத்தி, 1980இல அறிவிச்சாச்சு. கோதாரி அப்படிப் போகல்ல. 1817இல வங்காளத்து ஜெசோர்ப் பக்கம் இருந்து, நாடு நாடாப் பரவின முதல் சுற்றுக் கிளம்பிச்சு. ஏழாவது சுற்று 1961இல இந்தோனேசியாவில சுலாவேசித் தீவில தொடங்கினது, இன்னும் முடியல்ல.

இப்ப வழக்கமாப் பாக்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்லப் போறன் எண்டு தெரியும். கோதாரிக் கிருமி ஆளைத் தின்னுறல்ல. தண்ணி போறதுதான் கொல்லுது. கிருமி குடலுக்குள்ள ஒரு நஞ்சை விடுது. கல்கத்தாவில சம்புநாத் டே 1959இல அந்த நஞ்சைக் காட்டினார். அது குடலைப் புண்ணாக்குறல்ல, உப்பையும் தண்ணியையும் வெளியில தள்ள வைக்குது, அவ்வளவுதான். கடுமையான ஆளுக்கு மணிக்கு ஒரு லீற்றர் வரைக்கும் போகும், அரிசி கழுவின தண்ணி மாதிரி. கண் உள்ளுக்குப் போகும். வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா, கிள்ளின மடிப்பு அப்படியே நிண்டு மெதுவாத்தான் படியும். ரெண்டு செக்கனுக்கு மேல எடுத்தா வீட்டில வச்சிருக்கிற நேரம் முடிஞ்சுது, ஆஸ்பத்திரிக்குத்தான்.

இஞ்ச ஒரு அருமையான விசயம் இருக்கு. அந்த நஞ்சு எல்லாக் கதவையும் கெடுக்கல்ல. சீனியும் உப்பும் சேந்து உள்ளுக்குப் போற கதவு ஒண்டு குடலில திறந்தே கிடக்கு, அதுகளோட தண்ணியும் போகும். 1971இல வங்காளதேச யுத்த நேரம், இந்தியப் பக்கத்தில பொங்காவ்ன் எண்ட ஊரில அகதிகளுக்குள்ள கொலரா. சேலைன் முடிஞ்சு போச்சு. திலீப் மகலனாபிஸ் எண்ட டொக்டர் ஒரு லீற்றர் தண்ணிக்கு குளுக்கோஸ் 22 கிராம், கறியுப்பு 3.5 கிராம், அப்பச்சோடா 2.5 கிராம் எண்டு கலந்து, பைப் வச்ச ட்ரம்மில ஊத்தி, நோயாளியோட வந்த சொந்தக்காரரையே கோப்பையால பருக்கச் சொன்னார். 100 பேரில 30 பேரளவில செத்துக்கொண்டிருந்த இடத்தில 4 பேருக்கும் குறைவாப் போச்சு. அவர் கிருமியைக் கொல்லல்ல, பாருங்க. போன தண்ணியைத் திருப்பிக் குடுத்தார்.

வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற நம்மட ஜீவனிப் பக்கெட் அதுட பேரப்பிள்ளைதான். ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணி. அரைக் கோப்பைத் தண்ணியில ஒரு நுள்ளுத் தூள் போடுற வேலை வேணாம், அளவு பிழைச்சிரும். கலந்தது 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊத்திரணும். பக்கெட் இல்லாட்டி, ஒரு லீற்றருக்கு மட்டமா வழிச்ச ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சீனி கூடினா குடல் திரும்பத் தண்ணியை இழுத்து வயித்தோட்டம் கூடும், போத்தலில வாற இனிப்புச் சோடா குடுக்க வேணாம் எண்டுறது அதாலதான். உப்புக் கூடினா சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. செவ்விளநீரில பொட்டாசியம் இருக்கு, சோடியம் காணாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அதைவிட நல்லம். பிள்ளை சத்தி எடுத்தா 10 நிமிசம் பொறுத்து, ரெண்டு மூணு நிமிசத்துக்கு ஒரு கரண்டியாக் குடுங்க. விடக்கூடா.

தங்கச்சி கேட்டது சொல்லைப் பத்தி. ஆனா நான் கேட்டிருந்தா, கோதாரி எந்த வழியால வீட்டுக்குள்ள வந்த எண்டு கேட்டிருப்பன். கிணத்தால. 1854இல லண்டன் புரோட் ஸ்ட்ரீட்டில ஒரு குழாய்க் கிணத்தால 600 பேருக்கு மேல செத்தாங்க. வருத்தம் வந்த ஒரு குழந்தையிட துணி கழுவின தண்ணி ஊத்தின குழி, கிணத்துக்கு மூணு அடி கூட இல்ல. ஜோன் ஸ்னோ எண்ட டொக்டர் சொல்லி பம்ப்பிட கைபிடியைக் கழட்டினாங்க. கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி விடச் சொல்லுறது சும்மா இல்ல. நம்மட கரையோரம் மணல், வளவும் சின்னன். வெள்ளம் வந்தா குழியும் கிணறும் ஒரே தண்ணி.

வெள்ளம் வடிஞ்ச பிறகு கிணத்துக்கு மருந்து போடுற முறையைக் கவனமாக் கேளுங்க. விட்டத்தை விட்டத்தால பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கி, எல்லாம் மீற்றரில, பிறகு 785ஆல பெருக்கினா லீற்றர் வரும். 1.2 மீற்றர் விட்டம், 2.5 மீற்றர் தண்ணி எண்டா 2,800 லீற்றர் சொச்சம். அதுக்கு 30 வீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 190 கிராமளவில வேணும். தூளை அப்படியே கொட்டினா சுண்ணாம்பு அடியில போய்ப் படுத்திரும். பிளாஸ்டிக் வாளியில கொஞ்சத் தண்ணி விட்டுக் களியாக் குழைச்சு, பிறகு வாளி நிறைய விட்டுக் கலக்கி, கால் மணித்தியாலம் அடைய விட்டு, தெளிவை மட்டும் கிணத்தில சுத்திவர ஊத்துங்க. வாளியை நாலைஞ்சு தரம் அடி வரைக்கும் விட்டு இழுத்தாத்தான் கலக்கும். ஒரு இரவு அப்படியே கிடக்கட்டும். விடிய, மணம் லேசாக் குறையும் வரைக்கும் கையால இறைச்சு விடுங்க. பம்ப் வச்சு ஒரேயடியா இறைச்சா மணல் சரிஞ்சு கிணத்து வளையம் இறங்கும், கரையோரத்தில உப்பும் ஏறும். சுனாமிக்குப் பிறகு கனபேருட கிணறு அப்படித்தான் கெட்ட.

சேறாக் கிடக்கிற தண்ணிக்குப் போட்டா அந்தச் சேறே குளோரினைத் தின்னிரும், முதல்ல சேத்தை அள்ளணும். போன வருசம் வாங்கி வாய் திறந்து கிடந்த தூளில குளோரின் பறந்திருக்கும், மணம் இருக்கு எண்டு நம்ப வேணாம். மலசலகூடம் கழுவுற அசிற்றோட அது சேரவே கூடா, நச்சுப் புகை வரும். கிணத்தைச் சுத்தி இன்னும் வெள்ளம் நிண்டா அது திரும்ப ஊறும், போட்டுப் பிரயோசனமில்ல. அந்த நாளையில குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைங்க. வெள்ளம் வடிஞ்ச உடனே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில சொன்னா பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாத்து அளவு சொல்லுவார்.