வெள்ளியங்கிரி முதல் தடவை ஏறப்போறீங்களா? இறங்குறதுக்குக் கால் பலத்தை மிச்சம் வைங்க

வணக்கம்ங்க. பின்னாடி தெரியுதே, இதுதான் கோயம்புத்தூர் பக்கத்துல இருக்கிற பூண்டி, வெள்ளியங்கிரி அடிவாரம். மலையே ஏறிப் பழக்கமில்லாதவங்க ஒரே நாள்ல வெள்ளியங்கிரி போய்ட்டு வரணும்னா என்ன தெரிஞ்சிருக்கணும், அதை மட்டும் பேசுவோம். ஏறுறதுக்கு பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும்தான் சீசன்.

முதல்ல நேரக் கணக்கு. ஒரு பக்கம் சுமார் 6 கிலோமீட்டர், ஏத்தம் ஆயிரம் மீட்டருக்கு மேல. நெய்ஸ்மித் விதின்னு ஒரு பழைய கணக்கு இருக்கு: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தா 3 மணி நேரம் வரும். அது பழகின காலுக்கு. புதுசா வர்றவங்க 5 மணி நேரம் வைங்க, இறங்க 4. விடியக்காலம் 5 மணிக்குக் கிளம்பினா 11 மணிதான் எல்லை. உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சரி, 11 ஆச்சுன்னா திரும்பிடுங்க. கீழ்க்காட்டுல யானை நடமாட்டம் இருக்கு, பொழுது சாய்ஞ்சப்புறம் அங்க தனியா நடக்கவே கூடாது.

வெள்ளியங்கிரின்னா வரிசையா ஏழு மலை. அதுல முதல் மலை செங்குத்தான கல் படிக்கட்டு. பெரும்பாலானவங்க சக்தியை இங்கயே தீர்த்துடறாங்க. பக்கத்துல வர்றவங்ககிட்ட ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காம பேச முடியணும், அதுதான் சரியான வேகம். முடியலைன்னா வேகத்தைக் குறைங்க. வேகமா ஏறி பத்து நிமிஷம் உட்கார்றதை விட, மெதுவா விடாம ஏறுறது நல்லது. உட்கார்ந்தா வேர்த்த உடம்பு குளிர்ந்து தசை இறுகிடும்.

தண்ணி 3 லிட்டர். வழியில சுனை இருக்கு, ஆனா அதை நம்பிக் குறைச்சு எடுக்காதீங்க. அதுல 1 லிட்டருக்குப் பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ணு. அரை லிட்டர்ல கலக்காதீங்க, உப்பு அதிகமானா வயித்தைப் பிரட்டும். வெறும் தண்ணியையே குடிச்சுட்டிருந்தாலும் சிக்கல், வேர்வையில போன உப்பு திரும்ப வராது. சாப்பாடு, மணிக்கு ஒரு தடவை கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். எல்லாத்தையும் கவரைப் பிரிச்சு டப்பாவுல போட்டு வாங்க. பிளாஸ்டிக்கை வனத்துறை கீழயே எடுத்துடுவாங்க, எடுக்கணும்தான்.

மேல போகப் போக மரம் குறைஞ்சு புல்வெளி வரும், காத்து அள்ளும். நனைஞ்ச பனியனோட நின்னா நடுங்கிடும். காய்ஞ்ச சட்டை ஒண்ணு, விண்ட்சீட்டர் ஒண்ணு பையில கட்டாயம். ஆறாவது மலையில ஆண்டி சுனைக்கு இறங்கணும்ங்க. வரும்போது அதே இறக்கம் ஏத்தமா நிக்கும், அதுக்கும் கால் வேணும்.

இப்ப முக்கியமான விஷயம், இறக்கம். ஒவ்வொரு படியிலயும் தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்பைப் பிடிச்சு நிறுத்துது. தசை அதிகமா அடி வாங்குறது இதுலதான், முழங்கால் நடுங்குறதும் இதனாலதான். சின்னச் சின்ன அடியா வைங்க, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைங்க, பெரிய படியில பக்கவாட்டுல இறங்குங்க. மூங்கில் தடியை முதல்ல ஊனி அப்புறம் கால். ஏறும்போது தடியைத் தாழ்வா பிடிங்க, இறங்கும்போது உயர்த்திப் பிடிங்க.

ஷூவைப் பாருங்க. மேல ஒரு ஓட்டை சும்மா இருக்கா? லேஸை அதே பக்க ஓட்டையில விட்டு சின்ன வளையம் பண்ணுங்க, எதிர்ப்பக்க லேஸை அதுக்குள்ள கோத்து இறுக்குங்க. குதிகால் நகராது, விரல் முன்னாடி இடிச்சு நகம் கறுக்காது. எங்கயாவது சூடா உரசுற மாதிரி தோணினா அப்பவே நின்னு டேப் ஒட்டிடுங்க. கொப்புளம் வந்தப்புறம் ஒட்டிப் பெருசா பிரயோஜனம் இல்ல.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்பாட்டுல இல்லாத பிரஷர் இருக்கிறவங்க ஏற வேண்டாங்க. ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ, இடது கை, தாடைப் பக்கம் வலியோ வந்தா, வாயுன்னு சொல்லிச் சமாளிக்காதீங்க. அங்கயே உட்காருங்க, ஆளைக் கூப்பிடுங்க.

திரும்பி வந்து ரெண்டு மூணு நாள் தொடை வலிக்கும், அது இயல்பு. சிறுநீர் மட்டும் வரக்காப்பி நிறத்துல போச்சுன்னா, தசை சிதைஞ்சு சிறுநீரகத்தைப் பாதிக்குதுன்னு சந்தேகப்படணும். அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க.