"என்றும் எழுதியிருக்கிறதே"

அன்பானவர்களே, எரேமியா 36-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்பதாம் மாதம், குளிர்காலம். யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீம் கணப்பின் முன் உட்கார்ந்திருக்க, எரேமியா தீர்க்கதரிசி சொன்ன கர்த்தருடைய வார்த்தைகள் எழுதப்பட்ட சுருளை யெகுதி வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி முடிந்ததும் ராஜா அதைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் எறிகிறான். மூன்று பேர் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. முழுச் சுருளும் சாம்பலாயிற்று. அப்புறம் என்ன நடந்தது? எரேமியா சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தனாகிய பாருக்கு என்பவன் மறுபடியும் எழுதினான். வெந்துபோன வார்த்தைகள் எல்லாம் திரும்பி வந்தன. அவற்றுக்கு ஒத்த இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்ந்தன.

நாம் கத்தி எடுப்பதில்லை. பிடித்த வசனத்துக்குக் கோடு போட்டுவிட்டு, மற்றப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகிறோம்.

அதே எரேமியாவின் 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வாக்குத்தத்த வசனமாக எத்தனை சுவர்களில் தொங்குகிறது! ஆனால் அதற்கு முந்தின வசனத்தில், எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பிவருவீர்கள் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் இது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொன்னான். கர்த்தர் அவனை அனுப்பவில்லை, அவன் ஜனங்களைப் பொய்யை நம்பச் செய்தான் என்கிறது வேதம். பத்தாம் வசனத்தை விட்டுவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறவருடைய கையில் மிஞ்சுவது அனனியாவின் செய்திதான். இரண்டு வருஷத்தில் ஒன்றும் நடக்காதபோது அவர் தேவனையே சந்தேகிக்கிறார்.

இயேசுவைச் சோதித்தபோது (மத்தேயு 4) பிசாசும் வேதவசனத்தைத்தான் சொன்னான். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதியும், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்றான். சங்கீதம் 91:11-இல் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்று இருப்பதை அவன் விட்டுவிட்டான். ஆண்டவராகிய இயேசு அந்தச் சங்கீதம் பொய் என்று சொல்லவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்றார். அந்த "என்றும்" என்ற சொல்லில் உள்ள 'உம்'மைக் கவனியுங்கள். அதுவும் எழுதியிருக்கிறது, இதுவும் எழுதியிருக்கிறது. அவர் சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை. நம்மில் பலர் வேகமாகத் தாண்டிப்போகிற புத்தகம் அது.

கி.பி. 144 வாக்கில் ரோமாபுரிச் சபையை விட்டுப் பிரிந்த மார்சியோன் என்ற போதகர், பழைய ஏற்பாடு முழுவதையும் தள்ளினார். வெட்டு அதோடு நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. புதிய ஏற்பாட்டில் பக்கத்துக்குப் பக்கம் மோசேயும் தீர்க்கதரிசிகளும் பேசுகிறார்களே! கடைசியில் அவரிடம் மிஞ்சியது இயேசுவின் பிறப்பின் வரலாறு இல்லாத ஒரு லூக்கா சுவிசேஷமும், பவுலின் பத்து நிருபங்களும்தான். அவற்றிலும் வரிகளை வெட்டினார்.

முழு வேதத்தையும் ஏற்றுக்கொண்டால் ஆட்டைப் பலியிட வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லேவியராகமம் 16-ஐ வாசித்த அன்றே எபிரெயர் 9-ஐயும் வாசியுங்கள். பலி ஏன் நின்றது என்று வேதமே சொல்லும். ஒரு கட்டளை நிறைவேறிவிட்டது என்பது வேறு, அந்தப் பக்கம் நமக்கு வேண்டாம் என்பது வேறு. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பதே லேவியராகமம் 19:18 தான். அதே அதிகாரத்தில் ஒன்பதாம், பத்தாம் வசனங்கள் வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கின்றன. பிறனிடத்தில் அன்பு எந்த உருவத்தில் இருக்கும் என்று அங்கேதான் தெரிகிறது.

இனி வாசிக்கும் முறை. நம்முடைய 66 புத்தகங்களில் அதிகாரங்கள் 1,189. நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வைத்தால் 52 வாரத்தில் முடிந்துவிடும். பலர் நின்றுபோகிற இடம் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக்கூடாரத்தின் முழக்கணக்கு அங்கே தொடங்குகிறது. அங்கே ஒரு காகிதத்தை எடுத்து, வசனம் சொல்லும் அளவுப்படி உடன்படிக்கைப் பெட்டியையும் மேஜையையும் வரைந்து பாருங்கள். பெட்டி இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம். கை வரையும்போது கண் தாண்டாது.

தவறவிட்ட நாட்களை ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்தால்தான் பக்கத்தைத் தள்ளுகிற பழக்கம் திரும்பி வருகிறது. விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள், இரண்டு மாதம் கூடுதலாகப் போனாலும் போகட்டும். "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று மனம் சொல்கிற வசனத்தின் எண்ணை நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த முறை வேதபாட வகுப்புக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம்.