கேட்டுவிட்டு இறங்கும் கரை

வணக்கம் நேயர்களே. பசிபிக் தீவு என்றதும் நம்மில் பலருக்கு ஒரே காட்சிதான் மனதில் வரும்: வெள்ளை மணல், கடலைப் பார்த்துச் சாய்ந்த தென்னை, ஆள் அரவமே இல்லாத கரை. பிஜி நாட்டின் மேற்கில் உள்ள யசாவா தீவுகளுக்குப் போனால் இதை அப்படியே பார்க்கலாம். ஆனால் ஆளில்லாத அந்தக் கரைக்கும் உரிமைக்காரர் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நாண்டி நகரத்துக்குப் பக்கத்துத் துறையிலிருந்து காலையில் ஒரு மஞ்சள் கப்பல் வடக்கே கிளம்பும். பல தீவுகளில் பாலம், துறை எதுவும் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், கரையிலிருந்து சின்னப் படகு வந்து நம்மை ஏற்றிக்கொள்ளும். விடுதியில் தங்குகிறவர்களுக்கு விடுதிக்காரர்களே ஊரோடு பேசி வைத்திருப்பார்கள். தனியாக ஒரு குடாவைத் தேடிப் போகிறவர், குளிக்க இறங்கும் முன் ஊருக்குள் போய் அனுமதி கேட்க வேண்டும்.

கையில் என்ன கொண்டு போவது? யங்கோனா வேர். வெளியுலகம் கவா என்று சொல்லும் அதேதான். நம் மிளகுக்கொடியின் குடும்பம். காயவைத்த வேரைக் காகிதத்தில் சுற்றிக் கட்டாக நாண்டிச் சந்தையில் விற்பார்கள். மூக்கருகே கொண்டுபோனால் மண்ணும் மிளகும் கலந்த வாசனை வரும்.

ஊர் எல்லையிலேயே தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் கூடாது. தோள் பையைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆணோ பெண்ணோ, முழங்கால் மறைய சுலு என்ற துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். நம் வேட்டி, லுங்கி கட்டுகிற கைக்கு அது பழகின வேலை.

நான் போன ஊரில் பெரியவர் ஒருவர் பாயில் உட்கார்ந்திருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தேன். வேர்க்கட்டை அவர் கையில் கொடுக்கவில்லை, பாயில் அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொட்டு எடுத்து, தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. சுற்றி இருந்தவர்கள் குவித்த கைகளால் தட்டினார்கள். செவுசெவு என்கிற அந்தச் சடங்கு முடிந்தது. அந்த நிமிடத்திலிருந்து நான் அந்த ஊர் விருந்தாளி.

அப்புறம் வேர்ப்பொடியைத் துணியில் வைத்துத் தண்ணீரில் பிசைந்தார்கள். கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுத்தார்கள். ஒரு கைதட்டு, ஒரே மூச்சில் குடி, மறுபடி மூன்று கைதட்டு. நாக்கு மெல்ல மரத்துப்போகும். அதன் பிறகுதான் பெரியவர் கடலைப் பற்றிப் பேசினார். குடாவின் இந்தப் பக்கம் குளிக்கலாம், அந்தப் பாறைப் பக்கம் வேண்டாம் என்றார். ஊர்த்தலைவர் இறந்ததால் அங்கே தம்பு, அதாவது தடை. தலைவர் இறந்தால் நூறு இரவு கடலின் ஒரு பகுதியில் மீன் பிடிக்காமல் விடுவது அங்கத்திய வழக்கம். கேட்டிராவிட்டால் எனக்கு இது தெரிந்திருக்குமா? அதனால்தான் சொல்கிறேன், கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பிஜிச் சட்டப்படி அலை ஏறி இறங்கும் கரையும் கடலடியும் அரசுடையவை, மீன்பிடி உரிமை மட்டும் அந்தந்தக் குலத்தாருடையது. கரையையும் குலத்தாருக்கே திருப்பித் தர 2006ல் ஒரு மசோதா வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அடுக்கிய குறைகளில் அந்த மசோதாவும் ஒன்று. கரை யாருடையது என்பது அங்கே அவ்வளவு பெரிய விஷயம். ஊராருக்குக் கடலைக் காக்கவும் தெரியும். உதுனிவனுவா என்ற ஊரில் மட்டி குறைந்துபோனதால் 1997ல் ஒரு பகுதிக்குத் தம்பு போட்டார்கள். மட்டி பெருகியது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் செய்யத் தொடங்கின.

நம்மவர் கதையும் இதில் உண்டு. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். நாண்டியில் சிவ சுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. அவர்கள் வீடுகளிலும் மாலையில் கவாக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். இதைப் பற்றி மட்டுமே ஒரு நாள் பேசலாம்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை வருகிறது. கடலைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கிவிடுகிறேன். நீர் வற்றும்போது பவளப்பாறை மேலே வந்துவிடும், காலைக் கிழிக்கும். நீர் ஏறியிருக்கும் நேரத்தை ஊராரிடம் கேட்டுக் குளியுங்கள். ஓடை வந்து கடலில் சேரும் இடத்துக்கு எதிரே பாறையில் பெரும்பாலும் ஒரு திறப்பு இருக்கும். நன்னீர் வரும் இடத்தில் பவளம் வளராது. வற்றும் நீரெல்லாம் அந்தத் திறப்பு வழியாகத்தான் வெளியே பாயும், நீந்துகிறவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே தேவாலயத்தில் இருக்கும், அன்றைக்குப் போகாமல் திங்கட்கிழமை போங்கள். வணக்கம்.