விடிகாலையில் மட்டும் விழும் சுவிட்ச்

வணக்கம். காரைக்குடிப் பக்கத்தில், எங்கள் ஐயாவின் அப்பா கட்டிய வீட்டின் வளவில் நின்று பேசுகிறேன். பின்னால் சளசளவென்று கேட்கிறதே, அது ஓட்டிலிருந்து வாசலில் விழும் தண்ணீர். கார்த்திகை அடைமழை. குரல் சரியாகக் கேட்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக இப்போது திறந்திருக்கிறோம். வந்த நாள் முதல் ஒரே தொல்லை. விடிகாலை நாலரை, ஐந்து மணிக்கு மெயின் போர்டில் ‘டப்’பென்று ஒரு சத்தம், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழுந்துவிடும். மின்விசிறி நிற்கும், கொசு வரும். மதியம் தூக்கிவிட்டால் ஒன்றும் ஆகாது, ராத்திரி வரை ஓடும். “பழைய பியூஸ் கட்டையே தேவலை, அது இப்படி மூக்கால் அழாது” என்கிறார் அப்பத்தா.

பியூஸ் கட்டை ஏன் அழவில்லை? அதற்குக் கண் தெரியாது, அவ்வளவுதான். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால்தான் பியூஸ் கம்பி உருகும், பியூஸுக்குப் பதிலாக வைக்கும் எம்.சி.பி. சுவிட்சும் அப்படியே. ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு கணக்கு: போன மின்சாரம் முழுதும் திரும்பி வந்ததா? வீடுகளில் வைப்பது 30 மில்லி ஆம்பியர் ரகம். 15க்குக் கீழே கசிந்தால் சும்மா இருக்க வேண்டும், 30ஐத் தொட்டால் விழுந்தே ஆக வேண்டும். இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

முதலில் வந்த எலக்ட்ரீசியன், “இதைக் கழற்றிவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடலாம்” என்றார். குரைக்கிற நாயை அடித்துவிட்டுத் திருடனுக்குக் கதவு திறப்பதுதான் இது! காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதாக வந்த அண்ணன் கையில் மெக்கர் இருந்தது. மின்சாரம் கசியாமல் ஒயரின் உறை எவ்வளவு தடுக்கிறது என்று ஓம் கணக்கில் அளக்கும் கருவி அது. மெயினை அணைத்து, வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு லைனாக 500 வோல்ட் கொடுத்து அளந்தார். நல்ல ஒயரிங் குறைந்தது ஒரு மெகா ஓமாவது, அதாவது பத்து லட்சம் ஓமாவது காட்ட வேண்டும். பட்டாலைக் கூடத்து லைன் காலை ஆறு மணிக்குக் காட்டியது வெறும் 12,000 ஓம். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை அதனால் வகுத்துப் பாருங்கள், 19 மில்லி ஆம்பியர் வருகிறது. ஆர்.சி.சி.பி. செய்தது முழுக்க நியாயம். அதே லைன் மதியம் அரை மெகா ஓம் காட்டியது.

காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ஒயரை யாரும் தொடவில்லை. மாறியது காற்று. ராத்திரி காற்று குளிரக் குளிர, அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறையும். விடியும் முன்தான் ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும்.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், பட்டாலை லைனின் இந்தப் பழைய சுவிட்ச் பெட்டியைப் பாருங்கள். பித்தளைத் திருகின் தலையில் பச்சைக் களிம்பு. பேஸ் கம்பி நுழையும் இடத்திலிருந்து இரும்புப் பெட்டியின் விளிம்பு வரை மயிரிழை போல ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறதா? மின்சாரம் கசிந்து கசிந்து தானே போட்டுக்கொண்ட ஒற்றையடிப் பாதை அது. தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. தூசியும் உப்பும் சேர்ந்த ஈரம் நன்றாகக் கடத்தும். மூலையில் எறும்பு கூட்டி வைத்த மண் வேறு. அதுவும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உப்பு எங்கிருந்து வந்தது? பெட்டியைச் சுற்றிச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது பாருங்கள். இது சுண்ணாம்புச் சுவர். மழையில் நனையும், வெயிலில் ஆறும், தானாக மூச்சுவிடும். வீட்டு ஒயரிங்கைப் புதுப்பித்தபோது காடி வெட்டிக் குழாயைப் புதைத்து, மேலே சிமெண்டை அப்பினோம். சுண்ணாம்பு விட்ட ஈரத்தை சிமெண்ட் வெளியே விடவில்லை. அது குழாய்ப் பக்கம் திரும்பியது. பழைய மரப் பட்டை ஒயரிங் அசிங்கமாக இருக்கிறது என்று புதைக்கச் சொன்னதே நான்தான். அப்பத்தாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இப்போது அந்த லைனைச் சுவருக்கு வெளியே பி.வி.சி. குழாயில் கொண்டுபோயிருக்கிறோம். ஓட்டுத் தண்ணீர் வடியும் இந்தச் சுவரை விட்டு, எதிர்ச்சுவரில் வேறு பெட்டி வைத்தாகிவிட்டது. ஒயர் கீழிருந்து மேலேறிப் பெட்டிக்குள் போகிறது. குழாயில் வழியும் நீர் பெட்டிக்கு வராது. ஏ.சி. அறையில் மட்டும் குழாய் வாயை அடைத்திருக்கிறோம். பரணிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த பெட்டிக்குள் வியர்த்துவிடும் அல்லவா, அதற்காக.

ஒரு வேடிக்கை என்னவென்றால், இதே ஈரம், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கொல்லை எர்த் குழிக்கு நல்லது. சித்திரை வெயிலில் நம் செம்மண் இறுகிக் காய்ந்தால் எர்த் பிடிப்பு போய்விடும். அப்போது குழிக்கு நாமே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு நீங்களே பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். பிரிட்ஜைத் தொட்டால் விறுவிறு என்கிறதா, தெரிந்த ஆளை மெக்கரோடு வரச் சொல்லுங்கள்.

இன்று காலை ஐந்து மணிக்கு விழித்துப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுப்படி லைன் 0.8 மெகா ஓம்தான் காட்டுகிறது. கல்யாணம் முடிந்ததும் அந்தச் சுவர்.